படத்துக்கு ஓர் ஓட்டுநர்

1916ஆம் ஆண்டுக் கோடை. நெப்ராஸ்காவின் மண்சாலையோரப் பெட்ரோல் கடையின் முன்னே, இயந்திரம் அணையாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது ஒரு கார். நியூயார்க்கிலிருந்து அதனை ஓட்டி வந்தவள் ஒடீலியா; உடன் வந்திருப்பவர் கணவர் வெண்டெல். அவள் கைகளில் முழங்கைவரை மசகெண்ணெய் அப்பியிருக்கிறது. நாளிதழ்ப் படக்காரர் முக்காலியை நாட்டிவிட்டு, "அம்மா, கொஞ்சம் எறங்கிக்கோங்க. ஓட்டுற சீட்டுல ஐயா உக்காரட்டும்," என்கிறார்.

"இவ்வளவு தூரம் ஓட்டுனது நான்."

"இருக்கட்டும்மா. பேப்பர்ல வர்ற படம், பாக்க ஒழுங்கா இருக்கணும்ல?"

"எறங்கேன், ஒடீலியா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு," என்று வெண்டெல் முணுமுணுக்கிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறாள். வெண்டெல் அந்த இருக்கையில் அமர, அவரது அழுக்குப் படாத கையுறைகள் சுக்கானைப் பற்றுகின்றன. படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "நெழல் விழுது. வண்டிய ரெண்டடி முன்னால எடுங்க ஐயா," என்கிறார். வெண்டெலின் கண்கள் காலடியில் உள்ள மூன்று மிதிகளிடையே அலைந்து, பின்பு மனைவியிடம் வந்து நிற்கின்றன.

"அவருக்கு ஓட்டத் தெரியாது," என்கிறாள் அவள்.

"அப்ப நீங்களே எடுத்து நிறுத்திட்டு, மறுபடி எறங்கிக்கோங்கம்மா."

வெண்டெல் இறங்க, ஒடீலியா ஏறுகிறாள். இரண்டடி கடந்தும் கார் நிற்கவில்லை. மேற்கு நோக்கிப் புழுதி எழும்ப, வெண்டெல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னே ஓடுகிறார்.