வெள்ளோட்டச் சாப்பாடு

“சூப்பை இறக்கிடவா? கொதிச்சுக் கொதிச்சு அரிசியெல்லாம் கஞ்சியாப் போச்சு” என்று சமையலறையிலிருந்து கேட்டான் டெரெக்.

“கொஞ்சம் பொறு. ஒரு மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்கோம்” என்றாள் ஆர்டித்.

ஒரு மணி எப்போதோ தாண்டிவிட்டது. அது இருவருக்குமே தெரியும்.

நாளைக்குக் கடை திறப்பு. இரும்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த அந்த வட மினசோட்டா ஊரில் புத்தகக் கடை என்று ஒன்று இருந்ததே இல்லை. பள்ளிக்கூட நூலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் ஆர்டித். பூட்டிக் கிடந்த ஹார்டுவேர் கடையை வாடகைக்குப் பிடித்து, ஆணியும் திருகும் இருந்த அலமாரிகளில் புத்தகங்களை அடுக்கியிருந்தாள். பின்னால் அடுப்பு, முன்னால் நாலைந்து மேஜை. மதியம் வந்தால் சூடாக ஒரு கிண்ணம் சூப், ரொட்டி, புரட்டிப் பார்க்க ஒரு புத்தகம். சமையல் டெரெக்கின் பொறுப்பு. சிறைச் சமையலறையில் பழகிய கை.

இன்று வெள்ளோட்டம். தேவாலயத்தில் அறிவித்தது போதாதென்று வீடு வீடாகப் போயும் அழைத்துவிட்டு வந்திருந்தாள் ஆர்டித். காட்டரிசியும் கோழியும் போட்டு அண்டா நிறைய சூப். ஆனால் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பனியை மிதித்துக்கொண்டு தெருவில் போனவர்கள்கூடக் கடை நெருங்கியதும் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு வழியாகக் கதவு திறந்தது. முடிதிருத்தும் வெர்ன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“நான் சாப்பிட வரல, ஆர்டித். நீ எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பியேன்னு மனசு கேக்கல. யாரும் வரமாட்டாங்க.”

“புத்தகம் என்ன பாவம் பண்ணிச்சு, வெர்ன்?”

“புத்தகம் ஒண்ணும் பண்ணல.” வெர்ன் சமையலறைப் பக்கம் பார்த்தார். “ஜோனஸோட சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் நான். இவன் வெச்ச சூப்பு என் தொண்டைக்குக் கீழ இறங்காது. இவனைக் கூட வெச்சுக்கிட்டு நீ தேனையே ஊத்தினாலும் இந்த ஊர் வராது.”

“என்னால இவனைக் கைவிட முடியாது.”

“அது உன் பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார் வெர்ன்.

டெரெக் கரண்டியும் கையுமாக நின்றான். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம் என்றுதான் பட்டது. ஜோனஸ் ஊருக்கே செல்லப்பிள்ளை. ஹாக்கி அணியின் கோல்கீப்பர். டெரெக் குடித்துவிட்டு ஓட்டிய வண்டி ஏரிப் பாதையில் உருண்டபோது பக்கத்து இருக்கையில் இருந்தவன். அவன் அங்கேயே போய்விட்டான். டெரெக்குக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

சிறையில் இருந்த காலம் முழுக்க ஊரிலிருந்து அவனைப் பார்க்க வந்தது ஆர்டித் ஒருத்திதான். விடுதலையான அன்று வெளியே வண்டியோடு காத்து நின்றதும் அவள்தான். வீட்டு மாடி அறையில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கட்டிலில் அவன் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தான்.

“நான் போயிடறேன்.”

“எங்கே போவே?”

“எங்கேயாவது. என்னைத் தெரியாத ஊரா பார்த்து. நான் இல்லேன்னா நாளைக்கே எல்லாரும் வருவாங்க. உங்களுக்காக வருவாங்க.”

“நீ போயிட்டா சூப் யார் வைக்கறது? நான் வெந்நீர் வெச்சாலே அடிபிடிக்கும்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“உட்கார். நாம ரெண்டு பேராவது சாப்பிடுவோம்.”

அவளே இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் வைத்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“எனக்கும் முடியல, டெரெக். தினமும் காலையில எழுந்திருக்கறப்போ, இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுடலாம்னு சொல்லிக்கறேன். இன்னிக்கு முடியல.”

நீதிமன்றத்தில்கூட அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அந்தத் தோளைத் தொடவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. எழுந்து அடுப்பருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மறுபடியும் கதவு திறந்தது. பழைய சுரங்கக் கோட்டுப் போட்ட ஒரு பெண். ஆர்டித்தின் வயதுதான் இருக்கும். வெகு நேரம் வெளியே நின்றிருக்க வேண்டும், தலையெல்லாம் பனி. திரும்பிப் பார்த்த டெரெக் சட்டென்று அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டான்.

“லொரெய்ன்” என்றாள் ஆர்டித், கண்ணைத் துடைத்தபடி.

“சாப்பாடு இருக்கா?”

“ஒரு அண்டா இருக்கு.”

“அப்போ எனக்கும் கொடுக்கச் சொல்லு.”

டெரெக் கொண்டுவந்து வைத்தான். மேஜையெல்லாம் சிந்தியது. லொரெய்ன் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையுறையோடு கரண்டியைப் பிடித்து, ஒரு வாய் எடுத்து, மென்று, வலிந்து விழுங்கினாள். கிண்ணத்தைக் காலி செய்து தள்ளி வைத்தாள்.

“எதிர்ச்சாரியில நின்னு ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன், ஆர்டித்” என்றாள் அப்புறம், உடைந்த குரலில். “உன் பிள்ளையைக் கொன்னவன் சமைச்சதை நீயே சாப்பிடறே, இவனைப் பெத்தவ நான், இவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்துட்டேன்.”