மூலையில் ஒரு பெயர்

பிளோவ்திவ் நகரத்து அடுக்குமாடிச் சமையலறை. பக்கத்துப் பால்கனியில் குடைமிளகாய் சுடும் புகை ஜன்னல் வழியே நுழைகிறது. எட்டு மாதமாக ராலிட்சா வரைந்த ரேடியோ சர்க்யூட்டைக் கணவன் போயன் தன் அலுவலகத்தில் அச்சடித்து வந்திருக்கிறான். அதை இஸ்திரிப்பெட்டியால் செப்புத் தகட்டில் ஒட்டியவள், இப்போது வெந்நீரில் ஊறிய காகிதத்தைக் கட்டைவிரலால் தேய்த்து உரிக்கிறாள். தகட்டில் பதிந்த கறுப்புக் கோடுகள் பளிச்சிடுகின்றன. அவள் பெயர் இருக்க வேண்டிய மூலையில் போயனின் பெயர். தகட்டில் நேராக விழுவதற்காகக் காகிதத்தில் எழுத்துகள் இடவலம் மாறியிருந்ததால் அவள் முன்பே கவனிக்கவில்லை.

“ரேடியோ சங்கத்துல எல்லாருக்கும் என்னைத்தானே தெரியும், ரலி? நாளைக்குப் போட்டியில நம்ம வீட்டுக்குத்தானே பரிசு?”

கோடில்லாத இடத்துச் செம்பை அரித்தெடுக்கத் தயிர் டப்பாவில் அமிலம் காத்திருக்கிறது. அவள் ஈரத் தகட்டை அவன் உள்ளங்கையில் வைக்கிறாள்.

“அப்படியா இன்ஜினியர் சார்! கன்டென்சர் எந்த இடத்துல வரும்? காட்டுங்க, பாப்போம்.”

கோடுகளின் மேல் அவன் விரல் அலைகிறது, எங்கும் நிற்கவில்லை.