கேமராவின் மேல் ஒரு துண்டு

அம்மா தனியாக இருக்கும் வீட்டில் மகன் மாட்டிய கேமராவின் மேல், தினமும் காலை பத்து மணிக்கு ஒரு துண்டு விழுந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த பெண்ணிடம் போனில் கேட்டான்.

"துணி காயப்போட்டேன் சார்."

"கேமரா மேலயா? யார் காதுல பூ சுத்தறே?"

மறுநாள் லீவு போட்டுச் சொல்லாமல் போய் நின்றான். அவள் சமையலறையில் மூன்று தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தட்டு எவனுக்கு?"

அறைக்குள் பாய்ந்தான். கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு கிழவி. நடக்க முடியாத அம்மா, கட்டிலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா, வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? கத்தாதே. துண்டு போடச் சொன்னது நான்தான். இது அவளோட அம்மா. அவ என்னைப் பாத்துக்க வந்துட்டா, இவளை யாருடா பாக்கறது?"