இரட்டை விடுமுறை

“இன்னிக்கு அரசு விடுமுறை. கெஜட்டுலயே போட்டிருக்கு, கண்ணைத் தொறந்து பாரு” என்று அப்பா போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கிழமை ஞாயிறு. அதை எந்தக் கெஜட்டும் மாத்த முடியாது” என்றாள் அம்மா. போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளி விடுதியின் வரவேற்பறை அது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விவாகரத்தின்போதே கோர்ட்டில் நாட்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. வார ஓய்வு நாளில் ஒருவர் அழைத்துப்போக வேண்டும், அரசு விடுமுறையில் மற்றவர். இரண்டும் ஒரே நாளில் வந்து தொலைக்கும் என்று கனம் நீதிபதிக்குத் தோன்றவில்லை போலும்.

வழக்கமான வார்டனுக்கு இன்று ஓய்வு. எந்த நாள் யாருக்கு என்ற விவரம் மாற்று வார்டனுக்குத் தெரியாது. கோர்ட் உத்தரவு பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு விடுதியைப் பூட்ட வேண்டும். பதினோரு மணியாகியும் ஒரு பிள்ளை மிச்சம் இருக்கிறதே என்று அவர்தான் இருவருக்கும் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

அம்மா அரசு அலுவலகத்தில் கிளார்க். சட்டம் பேச அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசு விடுமுறை என்றால் திறக்க வேண்டிய அலுவலகத்தை மூடுவது. ஞாயிற்றுக்கிழமை மூடியே கிடக்கிற கதவை அரசாங்கம் இன்னொரு தரம் எப்படி மூடும் என்று எகிறினாள்.

அப்பாவும் விடுகிற ஆள் இல்லை. ஓய்வு நாள் வாராவாரம் சும்மா வருவது, விடுமுறை ஆணை போட்டு வருவது, ஆணைக்குத்தான் மதிப்பு என்றார். இதுகூடத் தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுத்தான் என்று வார்டனிடமே கேட்டார்.

“வார்த்தையை அளந்து பேசுங்க.”

“உனக்கு அது ஒண்ணுதான் கேடு.”

ஐந்து வருடம் ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைத்த வெறுப்பையெல்லாம் இருவரும் அந்த அறையில் கொட்டித் தீர்த்தார்கள்.

வார்டனுக்கோ கண் கலங்கிவிட்டது. அவரும் விடுதியில் வளர்ந்தவர்தான். லீவு விட்டால் அவரைக் கூட்டிப்போக ஒரு நாதி வந்ததில்லை.

அவர் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினார். “அப்பா அரசு லீவுங்கறார், அம்மா ஞாயித்துக்கிழமைங்கறாங்க. உனக்காக எப்படி அடிச்சிக்கறாங்க பாரு. கொடுத்துவெச்சவ நீ.”

மகள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை அப்பாவோட நாள், மிஸ். அரசு லீவுதான் அம்மாவோடது.”