இடப்பக்கம்

அந்தக் கொரியப் பாட்டுக் குழுவின் பெண்கள் ஐவரும் ஆடும் முதல் பாட்டு வீடியோவில், எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது மஞ்சள் சட்டை போட்ட சோரிம் மட்டும் தவறி இடப்பக்கம் திரும்பிவிடுவாள். அவளைப் பார்த்தே ஆடப் பழகிய சுகந்தியும் கல்லூரி விழாவில் அப்படியே திரும்பி, பக்கத்தில் ஆடிய ஜெசிந்தாமேல் மோதி விழுந்தாள். அரங்கமே சிரித்தது. அதன்பிறகு அவள் எங்கும் ஆடியதில்லை, தன் கல்யாணத்தில்கூட.

இன்று அலுவலகச் சாப்பாட்டு அறைக்கு ஜெசிந்தா செல்போனோடு ஓடிவந்தாள். "அடியே, உன் கொரியாக்காரிங்க இத்தனை வருஷம் கழிச்சு புதுப் பாட்டோட வந்துட்டாளுங்க. பாரு, பெயின்ட் கடை கவுந்த மாதிரி இருக்கு."

இளஞ்சிவப்புப் படிக்கட்டு, நீல மழை, ஆரஞ்சுக் குடைகள். ஐவரும் நாற்பதை நெருங்கியிருந்தார்கள். நடுவில் முதல் பாட்டின் அந்தப் பழைய தாளம் வந்தது. சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பேரும் சேர்ந்து இடப்பக்கம் திரும்பினார்கள். சோரிம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மறுபடி போடு" என்று சுகந்தி சோற்றுக்கையோடு எழுந்து செருப்பைக் கழற்றினாள்.

ஜெசிந்தா பாட்டைப் போட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடு. என் முட்டி பழைய மாதிரி இல்ல."

தாளம் இன்னும் வரவில்லை. சுகந்தியின் இடது தோள் மட்டும் அதற்குள் லேசாகப் பின்னால் போயிருந்தது.