கண்களின் மேல் ஒரு பட்டை

மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும். திருப்பதியில், விடுதி அறையில், டாக்டர் நந்திதா லேப்டாப்பில் கடைசித் திருத்தங்களைச் செய்துகொண்டிருந்தாள். நோயாளியின் அடையாளம் தெரியக் கூடாது என்பது இதழின் விதி. நகரி சாயப்பட்டறைத் தொழிலாளி ருக்மணியின் கன்னத்துத் தடிப்புகளைக் காட்டும் படத்தில், கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒன்றை வைத்தாள்.

கைப்பேசி அடித்தது.

"மேடம், நகரி ருக்மணி பேசறேன். நூலு முக்கிக்கினு இருந்தேன், பொசுக்குனு கண்ணு தெரியல. எல்லாம் ஒரே கறுப்பு."

மணி நான்கு ஐம்பது. நந்திதா பட்டையை அழித்தாள்.

"இப்போ?"

"தெரியுது மேடம். ஆனா பட்டறையக் காணோம். நீங்கதான் தெரியறீங்க, நைட்டியில."

நந்திதாவின் கை லேப்டாப்பை மூடப் போனது.

"அத்த மூடாதீங்க மேடம்," என்றாள் ருக்மணி.