முதல் பாகம் முடிந்ததும்

பார்க்கிங் ஸ்டேஷனில் ரயிலேறியதிலிருந்து செல்வமலர் புருஷனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“இது பொப் கச்சேரி இல்லை, சிம்பொனி. நாலு பாகமும் முடியுமட்டும் ஒருத்தரும் கை தட்டமாட்டினம். நீங்கள் இடையிலை தட்டினால் இனிக் கூப்பிடவே மாட்டினம்.”

“நல்லா வாசிச்சால் எப்பிடியப்பா சும்மா நிக்க ஏலும்?” என்றார் குலசேகரம்.

முதல் பாகத்தில் வயலின்காரர்கள் பின்னி எடுத்துவிட்டார்கள். முடிந்ததும் மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“சபாஷ்!”

கூடவே படபடவென்று ஒரேயொருவரின் கைதட்டல். முன்வரிசையில் செல்வமலர் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளைக்காரர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. மேடையில் இசைக்குழுவை நடத்தும் குலசேகரமே கோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தட்டும்போது, அவர்கள் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?